குழாய் கட்டினவன் சொல்லுதேன்

எய்யா, இங்கன செத்த உக்காரு. அந்தக் காதுல சொருகியிருக்க சாமானை எடுத்துக் கீழ வை. தாத்தன் புத்தி சொல்லப் போறதில்ல, பயப்படாத. புத்தி சொல்லுதவனுக்கு நம்ம ஊர்ல காப்பித்தண்ணி கூடக் குடுக்க மாட்டாக. ஒரு கதை இருக்கு, கேட்டுட்டுப் போ.

கொடைக்கு என் பேராண்டி மெட்ராசுல இருந்து வந்திருக்கான். பெரிய படிப்பு, பெரிய சம்பளம். வந்த அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பயலைக் காணும். எங்கலேன்னு தேடிட்டுப் போனா, மேக்க புளியமரத்தடியில காரை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு, உள்ள ஒத்தையில உக்காந்திருக்கான். தலை ஆடுது. தோளு ஆடுது. ஸ்டியரிங் மேல ரெண்டு கையும் தவில் வாசிக்குது. பயலுக்குக் கோட்டி புடிச்சிட்டோன்னு பதறிப் போயிக் கண்ணாடியத் தட்டுதேன். அவன் துள்ளுன துள்ளு இருக்கே, வாய்க்கால் கெண்டை அப்படித் துள்ளாது. சட்டுன்னு எதையோ அமுக்குனான். கதவத் தொறந்து பாத்தா, வயித்துவலிக்காரன் முனங்குத மாதிரி ஒரு இங்கிலீசுப் பாட்டு ஓடுது.

ஏலே, யாருகிட்ட? நாப்பது வருசம் மைக்செட்டு கட்டுனவன்கிட்டயா? கண்ணாடிய ஏத்துனா தவில் அடி உள்ளயே நின்னுருமா? "கரகாட்டக்காரன்தானலே கேட்டுக்கிட்டிருந்த?"ன்னேன். மூஞ்சி செவந்துட்டு.

"அது வந்து தாத்தா... கில்ட்டி ப்ளஷர்"ங்கான்.

அப்படின்னா என்னன்னு கேட்டேன். தப்புன்னு தெரிஞ்சே ரசிக்கதாம். பிடிக்குமாம், ஆனா பிடிக்கும்னு வெளிய சொல்லக் கூடாதாம். எனக்கு ஒண்ணும் விளங்கல. தப்புன்னா நம்ம பக்கம் என்னது? அடுத்தவன் வரப்ப அரக்கதது. கோழி களவாங்குதது. ராமராசன் பாட்டக் கேட்டதுக்கு எந்தப் போலீஸ் ஸ்டேசன்லலே கேசு போட்டிருக்கான்? 1989ல அந்தப் படம் மதுரையில ஒரு வருசத்துக்கு மேல ஓடுச்சு. அம்புட்டு நாளும் கொட்டகைக்குள்ள இருந்தவன்லாம் குத்தவாளியா?

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னு சொல்லுவாகல்லா. அந்த மீசை இப்ப மொகத்துல இல்ல, காதுல மொளச்சிருக்கு.

நான் யாருன்னு உனக்குத் தெரியாது. இப்ப உள்ள பிள்ளைக "சவுண்ட் சர்வீஸ்"ங்குது. நாங்க "ரேடியோ செட்டு"ன்னுதான் சொல்லுவோம். ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயர், ரெண்டு குழாய், ஒரு பேட்டரி, ஒரு பெட்டி நெறய பிளேட்டு. வேப்பமரத்து உச்சிக் கொப்புல ஒரு குழாயக் கெழக்க பாக்கக் கட்டுவேன், இன்னொண்ண மேக்க பாக்கக் கட்டுவேன். மூணு ஊருக்குக் கேக்கும். சடங்கு வீடு, கலியாண வீடு, கோவில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நான்தான். முதப் பாட்டு சீர்காழியோட பிள்ளையார் பாட்டு. அதுல மட்டும் கைய வைக்கக் கூடாது. பெறவு கலியாண வீடுன்னா பாசமலர்ல ஈசுவரி பாடுன தோழிப் பாட்டு. அது இல்லாம பொண்ணு மணவறைக்கு வராது. அதுக்குப் பெறவு என் ராச்சியம்.

என் ராச்சியம்னு நான் நெனைச்சேன். உள்ளபடி அது சீட்டு ராச்சியம்.

சீட்டுன்னா என்னன்னு கேளு. செட்டுக்காரன் பக்கத்துல வந்து யாரும் வாய்விட்டு இன்ன பாட்டு போடுன்னு கேக்க மாட்டான். பெரிய மனுசன் எவனும் கேக்கவே மாட்டான். ஒரு சின்னப் பையன் வருவான். கையில மடிச்ச காயிதம். "இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாவ." யாருலே குடுத்ததுன்னு கேட்டா ஓடிருவான். காயிதத்துல பாட்டு பேரு மட்டும் இருக்கும், கையெழுத்து இருக்காது. ஆனா நான் கோட்டிக்காரனா? மடிப்பப் பாத்தே சொல்லுவேன். ஒரு மடிப்புன்னா எளவட்டம். ரெண்டு மடிப்புன்னா கலியாணமானவன். மூணு மடிப்பு மடிச்சு, மேல வெத்தலக் காம்பு வச்சு வந்தா ஊர்ல மரியாதப்பட்ட ஆளு.

எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல ஒரு தமிழ் வாத்தியார் இருந்தாரு. நாக்குல தேவாரம், நெத்தியில பட்டை. சினிமாப் பாட்டுன்னாலே காதப் பொத்துவாரு. "குழாயில் வழிவது சாக்கடை"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன மனுசன். ஒரு சாமக்கொடை அன்னைக்கு, கணியான் கூத்து தொடங்க முன்னால, மூணு மடிப்புச் சீட்டு ஒண்ணு வந்துச்சு. பிரிச்சா எலந்தப்பழப் பாட்டு! எழுத்து அச்சடிச்ச மாதிரி. சந்திப்பிழை இல்லாம ரெக்கார்டு டான்ஸ் பாட்டுக்குச் சீட்டு எழுதுத ஆளு எங்க ஊர்ல வேற எவன் இருக்கான்? போட்டேன். கூட்டம் கைதட்டுச்சு. வாத்தியார் தூணுக்கு அந்தப் பக்கம் நின்னு, "சீச்சீ"ன்னு தலைய ஆட்டுனாரு. நல்லாப் பாத்தேன் எய்யா. தலை தாளத்துலதான் ஆடுச்சு. அவரு போய்ச் சேந்து இருவது வருசமாச்சு, இல்லன்னா இந்த வாயத் தொறப்பனா? சீட்டு ரகசியம் தொழில் தருமம்.

ஆனா வாத்தியார்கிட்ட ஒண்ணக் கேக்காம விட்டுட்டேனேன்னு இன்னமும் இருக்கு. அந்தப் பாட்டு வந்தது 1968ல, பணமா பாசமா படம். அதே வருசம் தில்லானா மோகனாம்பாளும் வந்துச்சு. சேதுராமன் பொன்னுசாமி நாகசுரத்துக்கு வாத்தியார் கண்ணுல தண்ணி விட்டாரு, நானே பாத்தேன். ரெண்டு படத்துக்கும் இசை யாரு? ஒரே ஆளு, கே.வி. மகாதேவன். நம்ம நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்ல பொறந்த மாமா. இந்தியாவுலயே இசையமைப்புக்குன்னு முத தேசிய விருது வாங்குன மனுசனும் அவருதான், கந்தன் கருணைக்கு. காலையில ஆர்மோனியத்துல தில்லானாவுக்கு மெட்டுப் போட்ட வெரலு, சாயந்தரம் எலந்தப்பழத்துக்கும் போட்டிருக்கும். மாமா ரெண்டு ஆர்மோனியமா வச்சிருந்தாரு, நல்லதுக்கு ஒண்ணு கெட்டதுக்கு ஒண்ணுன்னு? சரி, பாடுனவ யாரு? ஈசுவரி. மணவறைக்குப் பொண்ணக் கூட்டிட்டு வாரதும் அந்தத் தொண்டைதான், எலந்தப்பழம் விக்கதும் அந்தத் தொண்டைதான். ஆடி மாசம் பொறந்தா மாரியாத்தாளக் கூப்பிடுததும் அதே தொண்டைதான். லூர்து மேரின்னு பேரு வச்ச பொண்ணு பாடித்தான் எங்க ஊர்ல ஆத்தா எறங்குதா. ஆத்தா என்னைக்காவது "இந்தக் குரல்ல கிளப் டான்ஸ் பாட்டும் கேட்டிருக்கேனே"ன்னு மூஞ்சியத் திருப்பியிருக்காளா? அவளுக்கு இல்லாத கௌரவம் உனக்கு எங்கேயிருந்துலே வந்துச்சு?

பிளேட்டு போயி கேசட்டு வந்துச்சு. பஜார்ல ரெக்கார்டிங் சென்டர் வச்சேன். தொழில் நல்லா ஓடுச்சு, அத விட வேடிக்கை நல்லா ஓடுச்சு. வெத்துக் கேசட்ட வாங்கிப் பாட்டு பேரு எழுதிக் குடுத்துட்டுப் போவாக, நாங்க பதிஞ்சு குடுப்போம். 60 நிமிசக் கேசட்டுல பக்கத்துக்கு ஆறேழு பாட்டுப் பிடிக்கும். இந்தப் படிச்ச மனுசன்க குடுக்க லிஸ்ட்டப் பாக்கணுமே! முதப் பக்கம் சங்கராபரணம், சிந்து பைரவி. திருப்பிப் போட்டா டப்பாங்குத்து. முதப் பக்கம் வீட்டுக்கு வாரவுகளுக்கு, ரெண்டாம் பக்கம் வீட்டுக்காரனுக்கு. கொஞ்ச நாள் கழிச்சு "நாடா அறுந்துட்டு"ன்னு கொண்டுவருவான். வாங்கிப் பாத்தா முதப் பக்கம் நேத்து கடையில வாங்குன மாதிரி இருக்கும். ரெண்டாம் பக்கத்துல ஒரே ஒரு பாட்டு இருக்க எடத்துல மட்டும் நாடா நைஞ்சு நூலாப் போயிருக்கும். அத ஒட்டிக் குடுக்கும்போது நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். காச எண்ணி வச்சிட்டு விறுவிறுன்னு போயிருவான்.

இப்ப நாடாவும் இல்ல, பிளேட்டும் இல்ல. எல்லாம் கைப்பேசிக்குள்ள. பேராண்டி காட்டுனான், ஸ்பாட்டிஃபைன்னு ஒண்ணு. நீ என்ன கேக்கேன்னு உன் கூட்டாளிக பாக்கலாமாம். பாக்கக் கூடாதுன்னா அதுக்கும் ஒரு வழி இருக்காம். ரகசியமாக் கேக்கதுக்குன்னு ஒரு பொத்தான்! நான் சிரிச்ச சிரிப்புல வெத்தல எச்சி சட்டையில தெறிச்சிட்டு. எங்க காலத்துச் சீட்டுக்கு மூணு மடிப்புதான், உங்களுக்குக் கம்பெனியே மடிச்சுக் குடுக்கானா? ஆனா அதே கம்பெனி வருசக் கடைசியில கணக்கு ஒண்ணு எழுதி நீட்டுதானாம், இந்த வருசம் நீ எதை எத்தனை தடவை கேட்டேன்னு. பய அந்தக் கணக்கக் கூட்டாளிகளுக்குக் காட்டணும்னு, ஏதோ வெளிநாட்டுக் கச்சேரிய ராத்திரி முழுக்க ஓடவிட்டுட்டுத் தூங்குதானாம். கணக்குல அது மேல வரணுமாம். ஏலே, வட்டிக்கடைக்காரன்தான் கள்ளக்கணக்கு எழுதுவான். நீ உன் காதுக்கேவா எழுதுத?

ரொம்பவும் ஏசக் கூடாது. இது அவன் கண்டுபிடிச்ச கோட்டித்தனம் இல்ல. சர்க்காருக்கே இந்த வெக்கம் இருந்துச்சு தெரியுமா? 1952ல டெல்லியில கேஸ்கர்னு ஒரு மந்திரி வந்தாரு. சாஸ்திரிய சங்கீதம் படிச்சவரு. சினிமாப் பாட்டு சனங்களக் கெடுக்குதுன்னு அவருக்கு எண்ணம். ஆகாசவாணியில சினிமாப் பாட்டு நின்னு போச்சு. சனங்க என்ன செஞ்சாக? உக்காந்து ராக ஆலாபனையக் கேட்டாகளா? ரேடியோ முள்ளத் திருப்பி இலங்கை வானொலியில வச்சாக. கடலத் தாண்டி வந்து நம்ம பாட்ட நமக்கே போட்டுக்கிட்டிருந்தான் சிலோன்காரன். அஞ்சு வருசம் முழிச்சுப் பாத்துட்டு 1957ல சர்க்காரே விவித் பாரதின்னு ஒண்ணத் தொடங்கிச் சினிமாப் பாட்டப் போட்டுச்சு. அதுக்கும் முன்னால, 1940ல, வெள்ளக்காரன் காலத்துலயே ஆர்மோனியத்தையும் ரேடியோ நிலையத்துக்குள்ள விடாம வெளிய நிறுத்துனாக. அதுல கமகம் வராதாம், வெளிநாட்டுப் பொட்டியாம். முப்பது வருசத்துக்கு மேல அது வாசல்லயே நின்னுச்சு. வாசல்ல நின்ன அந்தப் பொட்டிதான் அம்புட்டு நாடகக் கொட்டகையிலயும் மெட்டுப் போட்டுச்சு. தமிழ்ப் பாட்டக் கூட ஒரு காலத்துல கச்சேரிக் கடைசியில துக்கடான்னு ஒதுக்கித்தான் வச்சிருந்தாக. நம்ம ஊர்ல நம்ம பாட்டப் பாடச் சொல்லி 1943ல சங்கம் வைக்க வேண்டியதாப் போச்சு. இதையெல்லாம் நெனைச்சா சிரிக்கதா அழுவதா?

உண்மையான பெரிய மனுசனுக்கு இந்தப் பயம் கெடையாது. ஒரு கச்சேரிக்கு செட்டு போட்டப்ப வித்துவான் ஒருத்தர் சொன்னாரு. முத்துசாமி தீட்சிதர் இருக்காரே, மும்மூர்த்தியில ஒருத்தர், அவரு சின்ன வயசுல மெட்ராசுக் கோட்டையில வெள்ளக்காரன் வாசிச்ச பேண்டக் கேட்டாராம். பிடிச்சிருந்துச்சு. காதப் பொத்தல, கண்ணாடிய ஏத்தல. அந்த மெட்டுல சமஸ்கிருதச் சாகித்தியம் பண்ணி வச்சிட்டாரு. நோட்டுஸ்வரம்னு இன்னைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காக. அதுல ஒரு மெட்டு இங்கிலீசு ராசாவ வாழ்த்துத பாட்டாம்! நம்ம பயலா இருந்தா கில்ட்டி ப்ளஷர்னு சொல்லிக்கிட்டு கோட்டைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சிருப்பான்.

இன்னொரு ரகம் இருக்கு, அது இன்னும் மோசம். ஒளிக்கவும் மாட்டான், ஒத்துக்கவும் மாட்டான். காசு குடுத்து ஓட்டலுக்குப் போவான். அங்க பழைய குத்துப்பாட்டு போடுவாக. கழுத்துல கலர்த்துண்டக் கட்டிக்கிட்டு, கறுப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஆடுவான். ஆடும்போதே பக்கத்துல உள்ளவனப் பாத்துச் சிரிப்பான். "நான் வெளையாட்டுக்குத்தான் ஆடுதேன், நெசமாப் பிடிச்சு ஆடலை"ன்னு அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். ஏலே, எங்க நையாண்டி மேளக்காரன் நையாண்டி பண்ணுவான். ஆனா உறுமியத் தேய்க்கும்போது நெசமாத்தான் தேய்ப்பான். உனக்கு நையாண்டியும் தெரியல, ஆட்டமும் தெரியல.

பறைக் கதை கொஞ்சம் கசக்கும். எழவு வீட்டுல அடிச்சா சன்னலச் சாத்துன தெருவுகளை நான் பாத்திருக்கேன். குழாய் கட்ட மரத்துல ஏறி நின்னா எல்லாச் சன்னலும் தெரியும்லா. இன்னைக்கு அமெரிக்காவுல பேரப்பிள்ளைக பறை வகுப்புக்குப் போவுது. 2025ல அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மசிறி குடுத்தாக. அன்னைக்கும் அதே தோலு, அதே குச்சி, அதே அடி. அப்ப சாத்துனவன் சத்தத்தப் பாத்தா சாத்துனான்? அடிக்கவன் எந்தத் தெருவுன்னு பாத்துச் சாத்துனான். இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்.

பேராண்டிகிட்டயும் எந்தத் தெருவுப் பாட்டுன்னுதான் கேட்டேன். "உனக்கு அந்தப் பாட்டு எங்கன பழக்கம்?" பைய பைய வாயத் தொறந்தான். மினி பஸ்ஸுல. ஆறாப்பு படிக்கப் போறப்ப தெனமும் காலையில அந்த டிரைவர் கரகாட்டக்காரன்தான் போடுவானாம். பய கடைசி சீட்டுல அவன் அம்மா மடியில புத்தகப்பைய வச்சிட்டு நின்னுக்கிட்டு வருவானாம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ. வழியெல்லாம் பாட்டக் கூடவே முணுமுணுப்பாளாம். கையில மருந்து வாடை அடிக்குமாம்.

"இத மெட்ராசுல சொன்னியாலே?"

"இல்ல."

"பாட்டச் சொன்னா பஸ்ஸச் சொல்லணும். பஸ்ஸச் சொன்னா தீப்பெட்டி ஆபீசச் சொல்லணும். அதானே?"

அவன் ஸ்டியரிங்கத் தடவிக்கிட்டே இருந்தான். நானும் வெத்தலைய மடிச்சேன்.

பயல இப்படி விட்டுட்டுப் போனா பாவம்லா. அதனால என் களவையும் சொன்னேன். நீயும் கேட்டுக்க, ஆனா உன்னோட வச்சிக்க. 1965 சனவரி. எனக்குப் பதினேழு வயசு. இந்தி எதிர்ப்பு. தபாலாபீசு போர்டுல இந்தி எழுத்து மேல தார் பூசினதுல என் கையும் உண்டு. தார் வாடை ஒரு வாரம் போகல, சோத்துல கூட அடிச்சுச்சு. அஞ்சாறு வருசம் போச்சு. ஆராதனான்னு ஒரு இந்திப் படம். ஒரு எழுத்து புரியல, ஆனா கிஷோர் குமார் குரல் காதுக்குள்ள புகுந்துட்டு, வெளிய வரமாட்டேன்னுட்டு. தார் பூசினது தப்புன்னு அன்னைக்கும் நெனைக்கல, இன்னைக்கும் நெனைக்கல. பாட்ட விடவும் முடியல. திருநெல்வேலிக்குப் போயி பிளேட்ட வாங்கிட்டு வந்து, சீர்காழி உறைக்குள்ள ஒளிச்சு வச்சேன். ராத்திரி எல்லாரும் ஒறங்குன பெறவு செட்டச் சின்னதா வச்சு ஒரு தடவை போடுவேன். எவனாவது முழிச்சா "டெஸ்டிங் டெஸ்டிங்"ன்னு சொல்லிக்கிடுவேன்.

வந்துச்சு எனக்கும் ஒரு நாளு. கட்சிக்காரர் வீட்டுக் கலியாணம். மொழிப்போர்ல செயிலுக்குப் போன மனுசன். விடியக்காலம் நான் மரத்துல குழாயக் கட்டிக்கிட்டிருக்கேன். கீழ என் எடுபிடிப் பய, பிள்ளையார் பாட்டு போடுதேன்னு சீர்காழி உறைய உருவி முள்ள வச்சிட்டான். கெழக்க ஒரு குழாய், மேக்க ஒரு குழாய். மூணு ஊருக்கும் இந்தி! மரத்துல இருந்து எறங்கவா, அங்கனயே தூக்கு மாட்டிக்கிடவான்னு முழிக்கேன். பந்தல்ல ஒரு சத்தம் இல்ல. பய பதறிப் போயி முள்ளத் தூக்கப் போனான். பந்தக்கால்ல சாஞ்சிருந்த அந்த மனுசன், கறுப்பு செவப்புத் துண்டச் சரிசெஞ்சிக்கிட்டே, மெதுவாச் சொன்னாரு: "எடுக்காதலே. முடியட்டும்."

பேராண்டி வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிச்சான். கண்ணாடிய அவனே எறக்குனான்.

நேத்து ராத்திரி கொடை. இப்பச் செட்டு என் மவன்து. பெரிய பெரிய பாக்ஸு, கலர் லைட்டு, லேப்டாப்பு. நான் சும்மா பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். பேராண்டி கூட்டாளிக நாலு பேரு மெட்ராசுல இருந்து கொடை பாக்க வந்திருந்தானுவ, முன்னால நின்னு படம் பிடிச்சிக்கிட்டிருந்தானுவ. பய பின்பக்கமா சுத்தி வந்தான். என் கையில எதையோ திணிச்சான். பாக்கேன், மடிச்ச காயிதம். மூணு மடிப்பு! ரத்தம் எங்க போவும்?

"எழுத்து தெரியல எய்யா, கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன். வாயால சொல்லு"ன்னேன்.

அங்கயும் இங்கயும் பாத்தான். கூட்டாளிக தூரத்துல நிக்கானுவ. குனிஞ்சு என் காதுகிட்ட வந்தான். "கேக்கல, இந்தச் சத்தத்துல. இப்படி நின்னு சொல்லு"ன்னு மைக்கு பக்கத்துல இழுத்து நிறுத்துனேன்.

"தாத்தா, மைக்கு..."

"அது ஆஃப்ல கெடக்குலே. சொல்லு."

சொன்னான். பாட்டு, படம், யாரு நடிச்சது எல்லாம் சேத்து. அவன் அம்மாவுக்காகன்னும் சொன்னான்.

மைக்கு ஆன்லதான் இருந்துச்சு.